பெத்தணன் வீட்டு டிராக்டரும் நர்சம்மாவும்

ஞானதீபத்திடம் முதல்முறை வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு எரிச்சல்தான் வரும். ஊசி போடுங்கள், மாத்திரை கொடுங்கள் என்று கையை நீட்டிக்கொண்டு வந்தால் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாள். என்ன செய்கிறது? எப்போதிலிருந்து? எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது? அதற்கு முன்னால் என்ன நடந்தது?

ஒருமுறை வயிற்று வலி என்று வந்த சங்கிலிமுத்து வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"மருந்து வாங்க வந்தா போலீஸ் ஸ்டேசன்ல கேக்குற மாதிரில்ல கேக்குறீக, நர்சம்மா!"

"அங்கன அடிச்சுக் கேப்பாக. நான் சும்மாதானே கேக்கேன். நேத்து என்ன சாப்பிட்டீக?"

"கெடா வெட்டு. மச்சினன் வீட்டுல."

"எம்புட்டு?"

சங்கிலிமுத்து கூரையைப் பார்த்தான்.

"மருந்து வேண்டாம். இன்னைக்குக் கஞ்சித்தண்ணி மட்டும் குடிங்க. நாளைக்கும் வலிச்சா வாங்க."

மறுநாள் அவன் வரவில்லை. ஏர் பூட்டப் போய்விட்டான்.

மல்லாங்கிணற்றில் இருந்த அந்த மிஷன் மருத்துவமனை மிகச் சிறியது. ஒரு கூடம், மருந்து வைக்க ஓர் அறை, பிரசவத்துக்கு ஒரு கட்டில், அவ்வளவுதான். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் விருதுநகரிலிருந்து வந்து போவார். மற்ற நாட்களில் ஞானதீபம் ஒருத்திதான். பிரசவம், தேள்கடி, அரிவாள் வெட்டு, குழந்தைகளின் கழிச்சல் என்று எது வந்தாலும் அவளுடைய கேள்விகள் மாறாது. கேள்விக்குச் சரியாகப் பதில் வந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

இங்கே வருவதற்கு முன்னால், ஐம்பதுகளின் கடைசியில், அவள் சிவகாசியில் ஒரு மருத்துவமனையில் தீக்காய வார்டில் வேலை பார்த்தாள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்த வார்டில் கட்டில் காலியாகவே இருக்காது. விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்துக் கலவை செய்துகொண்டிருந்த சவரிராஜ் அங்கேதான் வந்து சேர்ந்தான். மருந்தைச் சலிக்கும்போது பற்றிக்கொண்டது. அவன் பின்னால் பாய்ந்ததால் உயிர் தப்பியது. வலது கை மணிக்கட்டுவரை வெந்திருந்தது.

வெந்த கை ஆறும்போது தோல் இழுத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. அதனால் ஞானதீபம் தினமும் காலையிலும் மாலையிலும் அவன் கட்டிலுக்குப் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நீட்டி, மடக்க வைப்பாள். சவரிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவான்.

"சிஸ்டர், உங்களுக்கு என் மேல என்ன கோவம்?"

"இந்தக் கை மேலதான் கோவம். மடக்குங்க. இன்னும் கொஞ்சம்."

வார்டை விட்டுப் போகும்போது அவனுடைய ஐந்து விரல்களும் மடங்கின, நீண்டன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வீம்பு பிடித்தது. கை ஆறிய பிறகும் அவன் ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தான். கடைசியில் சாக்குகள் தீர்ந்துபோய்க் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். அவன் கத்தோலிக்கன், அவள் புராட்டஸ்டண்டு. இரண்டு வீட்டிலும் முகம் சுளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டிலிருந்து இரண்டு கோயிலுக்குப் போனால் போகிறது என்று ஞானதீபம் முடித்துவிட்டாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். இனி வெடிமருந்து கலக்கிற ரூமுக்குள் அவன் கால் வைக்கக் கூடாது.

அவன் ஒத்துக்கொண்டான். சாத்தூரில் ஒரு லாரி செட்டில் வேலைக்குச் சேர்ந்து வண்டி ஓட்டவும், ஓரளவு பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டான். அவளுக்கு மல்லாங்கிணற்றில் வேலை கிடைத்தபோது அவனும் கூடவே வந்தான். பெத்தணன் டிராக்டர் வாங்கியது அந்தச் சமயத்தில்தான்.

பெத்தணன் ஊரில் பெரிய கரிசல்காட்டுக்காரர். டிராக்டர் சீமையில் செய்தது. வேறு யாரோ ஓட்டித் தேய்த்த பிறகு இவர் கைக்கு வந்தது. சிவப்பு நிறம் வெளுத்து, மண் நிறத்துக்குப் போயிருந்தது. ஆனாலும் மாடுகள் ஒரு வாரம் உழுவதை அது ஒரே நாளில் உழுது தள்ளியது. அதை நம்பி உழவு மாடுகளில் பாதியைப் பெத்தணன் விற்றுவிட்டார். சவரிராஜ் அதன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, வெந்து ஆறிய கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வாசல் வழியாகப் போகும்போது ஞானதீபம் வேலையை விட்டுத் தலையைத் தூக்க மாட்டாள். ஆனால் சத்தம் காட்டுப் பக்கம் தேயும்வரை காது மட்டும் அதன் பின்னாலேயே போகும்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆயுத பூஜைக்கு மறு வாரம் நல்ல மழை பெய்தது. கரிசலுக்கு அப்படி ஒரு மழை வேண்டும். மழை விட்டு, மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் விதையைத் தூவி உழுதுவிட வேண்டும். வெயில் ஏறி மேல்மண் காய்ந்து வெடிப்பு விட்டால் அந்த விதைப்பு போனதுதான். சங்கிலிமுத்துவைப் போன்ற ஏர்க்காரர்கள் விடிவதற்கு முன்னாலேயே காட்டில் இருந்தார்கள். பெத்தணன் காட்டிலும் பருத்தி விதைப்பு தொடங்கியது. முதல் நாளே டிராக்டர் நின்றது.

நின்றது என்றால் ஒரேயடியாக நிற்கவில்லை. காலையில் ஒரு சொடுக்கில் கிளம்பும். சில சால் நன்றாக ஓடும். பிறகு சத்தம் மெலியும், இழுவை குறையும், இரண்டு மூன்று தரம் விக்கும், நின்றுவிடும். சவரிராஜ் இறங்கி ஏதேதோ செய்வான். திரும்பக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் திரும்ப நிற்கும். பக்கத்துக் காட்டில் உழுதுகொண்டிருந்த சங்கிலிமுத்துவுக்குக் கொண்டாட்டம்.

"என்னப்பா சவரி, உன் மாடு படுத்துருச்சா? வாலை முறுக்கிப் பாரு!"

சவரிராஜ் பில்டரைக் கழற்றிக் கழுவினான். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயை ஊதிப் பார்த்தான். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தான். தண்ணீர் இல்லை. இரண்டாம் நாள் பெத்தணன் விருதுநகரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். வந்தவர் கிளப்பிப் பார்த்தார், நின்றதையும் பார்த்தார். டீசல் பம்பு தேய்ந்துவிட்டது, கழற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டும், தீபாவளி கழித்துத்தான் திரும்பி வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஏலே சவரி," என்றார் பெத்தணன். அவர் கோபித்தால் சத்தம் குறையும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஓடலேன்னா ஊர்ல இருக்குற ஏரையெல்லாம் கூப்பிட்டு வெதச்சுக்கிறேன். இந்த இரும்பை எவனாவது எடைக்குக் கேட்டாக் கொடுத்துருவேன்."

புதன்கிழமை சாயந்தரம் சவரிராஜ் தூறலில் நனைந்தபடி நடந்தே வீட்டுக்கு வந்தான். டிராக்டர் காட்டிலேயே நின்றுவிட்டது. கை காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தவன் சாப்பாட்டைத் தொடவில்லை.

"சீனிவாசகம் வந்திருந்தாரு," என்றான்.

சீனிவாசகம் சிவகாசிக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் பிடிக்கிறவர். தீபாவளி சீசன் நெருங்கினால் வேனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வருவார்.

ஞானதீபம் சோற்றுப் பானையை மூடினாள். "எதுக்கு?"

"கலவைக்குப் பழகுன கை வேணுமாம். ஆர்டர் நெறைய இருக்காம். சனிக்கிழமை காலையில வேன் வரும்."

"நீங்க என்ன சொன்னீக?"

"வாறேன்னு சொன்னேன்."

அவன் வலது கையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தோல் மெழுகு பூசியது போல மின்னியது. அந்தக் கை தோல் வெந்து வெறும் சதையாக இருந்தபோது அவள் பார்த்திருக்கிறாள். அதைப்போல வெந்து வந்து, கடைசியில் அவள் துணி போட்டு மூட வேண்டியிருந்த ஆட்களும் அவள் நினைவில் இருந்தார்கள்.

"சும்மா உக்காந்து உன் சம்பளத்துல சாப்பிட முடியுமா தீபம்? ஊரே சிரிக்குது. மொதலாளி மாட்டையெல்லாம் கொடுத்துட்டு என்னைய நம்புனாரு."

"வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னாரு? இன்னைக்கு புதன். சாப்பிடுங்க."

மறுநாள் மதியம் அவள் தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். வழக்கமாக அவன்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். அவள் வருவதைப் பார்த்ததும் சங்கிலிமுத்து ஏரை நிறுத்திவிட்டான்.

"நர்சம்மா, டிராக்டருக்கு ஊசி போட வந்தீகளா?"

"உங்களுக்குப் போட்டு மிச்சம் இருந்தா போடுறேன்."

காலையில் கிளம்பிய டிராக்டர் மறுபடி நின்றிருந்தது. சவரிராஜ் வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தான். அவள் தூக்குவாளியை மரத்தடியில் வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பூஜைக்கு வைத்த மாலை காய்ந்து முன்பக்கம் தொங்கியது. முகப்பில் சந்தனமும் குங்குமமும். சக்கரங்களில் சந்தனம். டேங்க் மூடியின் நடுவிலும் பெரிய வட்டமாகச் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். மற்ற இடமெல்லாம் அவன் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தான்.

"என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான் தெரியுமே. நிக்குது."

"நிக்குறதுக்கு முந்தி?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இது மருத்துவமனையில் கேட்கும் குரல் என்று அவனுக்குத் தெரியும். விடமாட்டாள்.

"சத்தம் மெலியும். இழுக்காது. விக்கும்."

"கருப்பாப் பொகை விடுதா?"

"இல்ல. பொகையும் சேந்து கொறையும். தீனி இல்லாம போற மாதிரி. டீசல் போய்ச் சேரல."

"டேங்க்ல இருக்கா?"

"தளும்பத் தளும்ப இருக்கு. நிக்குற தடவையெல்லாம் மூடியத் தொறந்து குச்சி விட்டுப் பாக்கேன்."

"பாத்துட்டு?"

"கொழாயில காத்துப் பிடிச்சிருக்கும்னு ஸ்க்ரூவத் தளத்தி, கை பம்பு அடிச்சு, அந்தக் காத்த வெளியேத்தி ஏர் எடுப்பேன். உடனே கிளம்பிரும். கொஞ்சம் ஓடி மறுபடி நிக்கும்."

"ஒவ்வொரு தடவையும் ஏர் எடுத்தாக் கிளம்புதா?"

"ஒவ்வொரு தடவையும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "நேத்துச் சாயந்தரம் கிளம்பல. எம்புட்டோ நேரம் கை பம்பு அடிச்சேன். டீசலே வரல. அதான் போட்டுட்டு வந்தேன்."

"நேத்து மட்டும் வேற என்ன செஞ்சீக? இல்ல, என்ன செய்யாம விட்டீக?"

அவன் யோசித்தான். காட்டில் காற்று அடித்தது. சங்கிலிமுத்துவின் மாடுகள் திரும்பும் சத்தம் கேட்டது.

"தூறல் போட்டுச்சு," என்றான் மெதுவாக. "உள்ள தண்ணி விழுந்துரும்னு மூடியத் தொறக்கல."

"இன்னைக்குக் காலையில?"

"மொதல்ல மூடியத் தொறந்துதான் பாத்தேன். அப்புறம் பம்பு அடிச்சேன். கிளம்பிருச்சு."

ஞானதீபத்துக்குச் சிவகாசி வார்டில் தொங்கிய சலைன் பாட்டில் கண் முன்னால் வந்தது. அந்தக் காலத்தில் சலைன் கண்ணாடிப் பாட்டிலில்தான் வரும். தலைகீழாகத் தொங்கவிட்டு, ரப்பர் மூடியில் இரண்டு ஊசி குத்த வேண்டும். ஒன்று மருந்து இறங்க, இன்னொன்று உள்ளே காற்று ஏற. காற்று ஊசி அடைத்துக்கொண்டால் சொட்டு மெதுவாகும், பிறகு நின்றுவிடும். பாட்டில் நிறைய மருந்து இருக்கும், நரம்பிலும் பழுது இருக்காது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அது தெரியாமல் நோயாளியின் கையையே திரும்பத் திரும்பக் குத்துவார்கள்.

"டீசல் வெளிய போகப் போக, அந்த எடத்துக்கு டேங்குக்குள்ள காத்து வரணும்ல?" என்று கேட்டாள். "அது எது வழியா வருது?"

சவரிராஜ் எழுந்து நின்றுவிட்டான்.

"மூடியில பொடி ஓட்டை ஒண்ணு உண்டு," என்றான். "நட்டநடுவுல."

இரண்டு பேரும் மூடியைப் பார்த்தார்கள். நட்டநடுவில் சந்தனப் பொட்டு இருந்தது. பூஜையன்று ஈரமாக வைத்தது. வெயிலில் காய்ந்து, டீசல் கசிவும் புழுதியும் சேர்ந்து சுண்ணாம்புக் காரை போல இறுகியிருந்தது.

"தொறக்குறப்போ சத்தம் ஏதும் கேக்குமா?"

"ஸ்ஸுனு ஒரு சத்தம். மூடி இறுக்கம்னு நெனச்சேன்." அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் மூடியத் தொறந்ததுலதான் ஓடியிருக்கு. ஏர் எடுத்ததுல ஓடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"இம்புட்டுத் தொடச்சீகளே, இத மட்டும் ஏன் விட்டீக?"

"அது அம்மா வச்ச பொட்டு."

அம்மா என்றால் பெத்தணன் மனைவி ராமுத்தாய். பூஜையன்று தன் கையால் சந்தனம் அரைத்து, வண்டிக்குப் பொட்டு வைத்தவர் அவர்தான். ஊரில் வேதக்காரன் என்று சொல்லப்படும் கிறிஸ்தவனான தான் அதைத் துடைத்தால் வேறு மாதிரி ஆகிவிடும் என்று சவரிராஜ் தொடவில்லை. மூடியைத் திறக்கும்போதுகூடப் பொட்டு கலையாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகியிருக்கிறான். விருதுநகர் மெக்கானிக்கும் அப்படியே செய்திருக்கிறார். இத்தனை மரியாதைக்கு நடுவே டேங்க் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது.

"தொடைக்க வேண்டாம். மூடியக் கொஞ்சம் தளர்வா வச்சு ஓட்டிப் பாருங்க," என்றாள் ஞானதீபம்.

அவன் மூடியைத் தளர்த்தினான். ஸ்ஸென்று சத்தம் வந்தது. இந்தத் தடவை இருவரும் கேட்டார்கள். கை பம்பை அடித்துக் கிளப்பினான். டிராக்டர் காட்டின் அந்த முனைக்குப் போய்த் திரும்பியது. மறுபடி போய்த் திரும்பியது. வழக்கமாக நிற்கும் இடமெல்லாம் தாண்டிப் போனது. ஞானதீபம் மரத்தடியில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெலியவில்லை, விக்கவில்லை. கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இப்ப மூடிய இறுக்கி ஓட்டுங்க."

"எதுக்கு? அதான் ஓடுதே?"

"மருந்து கொடுத்தா சரியாச்சுன்னா போதாது. நிறுத்துனா திரும்ப வருதான்னும் பாக்கணும். அப்பத்தான் நோவு எதுன்னு உறுதி."

இறுக்கி ஓட்டினான். சில சாலிலேயே சத்தம் மெலிந்தது, விக்கியது, நின்றது. சவரிராஜ் ஆசனத்திலிருந்தபடியே வாய்விட்டுச் சிரித்தான். வண்டி நின்றதற்கு அவன் சிரித்ததைப் பார்த்துச் சங்கிலிமுத்து, "மண்டையில வெயில் ஏறிருச்சு போலிருக்கே!" என்று தன் மாடுகளிடம் சொன்னான்.

மூடியைத் தளர்த்தியே ஓட்டிவிட முடியாது. உழும்போது பறக்கிற கரிசல் புழுதியெல்லாம் உள்ளே போய்விடும். பொட்டை எடுத்தாக வேண்டும். சவரிராஜ் தயங்கினான். "நானே போய்ச் சொல்றேன்," என்று ஞானதீபம் நேராகப் பெத்தணன் வீட்டுக்கு நடந்தாள்.

ராமுத்தாய் முற்றத்தில் விதைப்புக்கான பருத்திக் கொட்டையைச் சாணிப்பாலில் பிசறிக்கொண்டிருந்தார். பெத்தணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஞானதீபம் சுற்றி வளைக்கவில்லை. டேங்குக்குக் காற்று எப்படிப் போக வேண்டும், ஓட்டை எங்கே இருக்கிறது, அதன் மேல் என்ன இருக்கிறது, தளர்த்தினால் ஓடியது, இறுக்கினால் நின்றது என்று வரிசையாகச் சொன்னாள்.

ராமுத்தாயின் கை நின்றது.

"அப்ப நான் சாமி கும்பிட்டதுலதான் வண்டி நின்னுச்சுங்கிறீகளா, நர்சம்மா?"

"சாமி கும்பிட்டதுல இல்லம்மா. போன வருசம் உங்க மகளுக்குப் பிள்ளை பெறந்தப்போ திருஷ்டிப் பொட்டு வச்சீகள்ல? எங்கன வச்சீக?"

"நெத்தியில. கன்னத்துல."

"மூக்குல வச்சு அடைச்சீகளா?"

பெத்தணன் குனிந்து சிரிப்பை அடக்கினார். ராமுத்தாய் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ராமுத்தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த மூடிக்கு மூக்கு அங்கன இருக்குன்னு எனக்கு எவன் சொன்னான்?" என்று எழுந்து கையைக் கழுவினார். "வாங்க, போவோம். நான் வச்சதை நானே எடுக்கேன்."

மூன்று பேரும் காட்டுக்குப் போனார்கள். ராமுத்தாய் டிராக்டரின் முன் ஒரு நிமிஷம் கை கூப்பி நின்றார். தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, மூடியில் இறுகியிருந்த சந்தனத்தைச் சுரண்டினார். சில்லுச் சில்லாகப் பெயர்ந்ததை மண்ணில் விழ விடாமல் முந்தானையில் வாங்கிக்கொண்டார். பிறகு ஓட்டைக்குள் ஊக்கை விட்டுக் குடைந்தார். சவரிராஜ் மூடியை வாங்கி, ஓட்டை வழியாக ஊதினான். காற்று மறுபக்கம் வந்தது.

"ஏலே," என்றார் பெத்தணன், "இம்புட்டு நாளா இதத் தொடாமலா வச்சிருந்தே?"

"அம்மா வச்ச பொட்டு, மொதலாளி. நான் எப்படித் தொடுறது?"

டிராக்டரை எடைக்குப் போடுவேன் என்று சொன்ன வாய் எதையோ மென்றது.

"ஏறி உக்காரு," என்றார். "பொழுது இருக்கு."

அன்று இருட்டும்வரை டிராக்டர் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையும் நிற்கவில்லை. சத்தம் கேட்காத வீடே ஊரில் இல்லை. சங்கிலிமுத்து மத்தியானத்தில் ஏரை அவிழ்த்துவிட்டு வரப்பில் குந்தினான். டிராக்டர் பக்கத்தில் வந்தபோது, "ஏப்பா சவரி, உன் வேலை முடிஞ்சா எங் காட்டுலயும் ரெண்டு சுத்து விடுறியா?" என்று கத்தினான்.

"மாடு கோவிச்சுக்கப் போகுது மாமா!"

"அதுக வேணும்னா ஓடி வந்து உன்னையக் கும்பிடும்லே!"

சனிக்கிழமை காலையில் சீனிவாசகத்தின் வேன் மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. ஞானதீபம் ஒரு பெண்ணின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சவரிராஜ் கிளம்பியாச்சாம்மா? ஆள் நெறைய ஏத்தணும்."

"அவரு வரல."

"வாறேன்னு வாக்குக் கொடுத்திருக்காரே?"

"வாக்குக் கொடுத்தது நின்னு போன டிராக்டரோட டிரைவரு. இப்ப அது ஓடுது." முடிச்சைப் போட்டு நிமிர்ந்தாள். "அங்கன கேளுங்க."

கிழக்குக் காட்டிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், நல்ல நாடி போல, ஒரே சீராக. சீனிவாசகம் கேட்டார். சவரிராஜின் கையை அவரும் பார்த்தவர்தான். வேனில் ஏறிக்கொண்டார்.

"சீனிவாசகம்," என்று அவள் கூப்பிட்டாள். "கலவை ரூம் வாசல்ல தண்ணித் தொட்டி வச்சிருக்கீகளா?"

"வச்சிருக்கோம்மா."

"நெறைஞ்சு இருக்கான்னு போனதும் பாருங்க."

பெத்தணன் காட்டில் அந்த வருஷம் பருத்தி நன்றாக முளைத்தது. விதைப்பு முடிந்ததும் சவரிராஜ் விருதுநகர் போய் அந்த மெக்கானிக்கிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான். அவர் டீ வாங்கிக் கொடுத்தாராம். அதன்பிறகு அவர் எந்த டிராக்டரைத் தொட்டாலும் முதலில் மூடியைத்தான் பார்ப்பார் என்று கேள்வி. ஊரில் வேறொரு விளைவும் உண்டானது. கிணற்று மோட்டார் நின்றாலும் மாவு மில் நின்றாலும் நர்சம்மாவைத் தேடி ஆள் வந்தது. "எனக்கு மெசினைப் பத்தி என்ன தெரியும்? எங்க வீட்டுக்காரர்கிட்டப் போங்க," என்பாள். வந்தவர் திரும்பி நடக்கும்போது மனசு கேட்காமல், "ஆமா, எப்போயிருந்து நிக்குது?" என்று கேட்டுவிடுவாள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு ராமுத்தாய் அவளையும் ஆள் விட்டு அழைத்தார். டிராக்டரைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். ராமுத்தாய் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"நர்சம்மா, இதுக்கு நெத்தி எது, மூக்கு எது, இப்பவே காட்டிருங்க. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

"நெத்தி முன்னாடி இருக்கு. மூக்குப் பக்கம் மட்டும் போகாதீக."

முகப்பில் பொட்டு வைத்தார்கள். சக்கரங்களில், கலப்பைக் கொழுக்களில், ஸ்பானர்களில் எல்லாம் வைத்தார்கள். டேங்க் மூடியைத் தொடாமல் அதற்குக் கீழே டேங்கின் மேல் வைத்தார்கள். கிண்ணத்தில் இன்னும் சந்தனம் இருந்தது. ராமுத்தாய் சுற்றிப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நின்றிருந்த சவரிராஜிடம் போய், "கையைக் காட்டு," என்றார்.

"நான் வேதக்காரன்மா."

"உனக்கில்ல. கைக்கு. இதுவும் ஆயுதந்தானே?"

சவரிராஜ் மனைவியைப் பார்த்தான். ஞானதீபம் அந்தப் புறங்கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். சுண்டுவிரலை மடக்கச் சொன்னாள். மடங்கியது.

"நல்லா ஆறுன தோலுதான்," என்றாள். "வைங்க."